சின்னப் பெட்டிக்கு ஆன்டிவைரஸ்: நாமே கட்டுவதா, கடன் வாங்குவதா, விட்டுவிடுவதா?

பண்டாரவளையில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணே, கொழுந்துத் தராசோட சேர்த்து ஓடுற லினக்ஸ் பெட்டி செஞ்சு நாலு தோட்டத்துக்குக் குடுத்திருக்கேன். இப்ப ஹெட் ஒபிஸ்ல இருந்து ஒரு ஃபோர்ம் அனுப்பி, ஆன்டிவைரஸ் போட்டிருக்கான்னு கேக்குறாங்க. கிளாம்ஏவியை நானே பில்ட் பண்ணி, காலம் பூரா பாத்துக்கிட்டு இருக்கணுமா?" அதே வாரம் தலவாக்கலையில் கொமியூனிகேஷன் கடை நடத்தும் ஒரு அக்கா பேசினார். பிரிண்ட் எடுக்க வரும் பிள்ளைகளின் பென் டிரைவ் எல்லாவற்றிலும் ஷோர்ட்கட் வைரஸாம். ராஸ்பெரி பை என்ற கையளவு கொம்பியூட்டர் ஒன்றை முன்மேசையில் வைத்து வடிகட்ட முடியுமா என்று கேட்டார்.

கேள்வி இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். என் பதில் தம்பிக்கு "வேண்டாம்", அக்காவுக்கு "வேண்டும், ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளே வேண்டாம்". ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

இங்கே பேசுவது கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸைப் பற்றி. டோமாஷ் கோய்ம் என்பவர் 2002 இல் தொடங்கியது. 2007 இல் சோர்ஸ்ஃபயர் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது, 2013 இல் சோர்ஸ்ஃபயரையே சிஸ்கோ வாங்கியதால் இப்போது சிஸ்கோ வீட்டில் இருக்கிறது. மூலநிரல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் திறந்து கிடக்கிறது. சின்னப் பெட்டிக்குள் நம் கையாலேயே கட்டிப் போடக்கூடிய ஆன்டிவைரஸ் எது என்று தேடினால், சுற்றிச் சுற்றிக் கடைசியில் இதன் வாசலில்தான் வந்து நிற்போம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, இந்தப் பெட்டி வழியாக அடுத்தவருடைய கோப்பு போகிறதா? கிளாம்ஏவியின் வைரஸ் அடையாளங்கள் (எது வைரஸ் என்று இனம்காணும் குறிப்புகள்) இலட்சக்கணக்கில். அவற்றில் பெரும்பகுதி விண்டோஸ் கோப்புகளையும் மின்னஞ்சல் இணைப்புகளையும் ஆவணங்களையும் குறிவைத்தவை. லினக்ஸ் பெட்டியில் அதை ஓட்டுவது பெரும்பாலும் அந்தப் பெட்டியைக் காப்பாற்ற இல்லை. அதன் வழியாகக் கோப்பு எடுக்கும் விண்டோஸ் கொம்பியூட்டர்களைக் காப்பாற்றத்தான். தராசிலிருந்து எண் படித்து அனுப்பும் பெட்டிக்குள் யாருடைய கோப்பும் நுழைவதில்லை. கொமியூனிகேஷன் கடைப் பெட்டிக்கு அதுவே பிழைப்பு.

இரண்டாவது நினைவகம். லினக்ஸில் ஓட்ட 3 ஜிபி ரேம் இருக்கட்டும் என்று கிளாம்ஏவியின் சொந்தக் கையேடே சொல்கிறது. கிளாம்டி என்ற பின்னணிச் சேவை அடையாளங்களை எல்லாம் ரேமுக்குள் ஏற்றிக்கொண்டு உட்காரும். அதற்கே நிறைய ரேம் போகும். புதிய அடையாளங்கள் வந்தால் பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றும், கொஞ்ச நேரத்துக்கு இரண்டு மடங்கு. 0.103 பதிப்பிலிருந்து இந்த ஒருங்கே ஏற்றுதலை நிறுத்திவைக்க ஓர் அமைப்பு உண்டு. நிறுத்தினால் ஏற்றி முடியும்வரை ஸ்கேன் காத்திருக்கும், ரேம் மிஞ்சும்.

இதை நான் கையேட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) 1 ஜிபி ரேம் உள்ள பெட்டி ஒன்று வைத்திருந்தேன். கேட்டார்கள் என்று கிளாம்ஏவியும் போட்டு, "விழுந்தால் தானாக எழுப்பு" என்று சிஸ்டம்டியில் (சேவைகளை ஓட்டும் நிரல்) ஒரு வரியும் எழுதினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. நல்ல கொழுந்துக் காலம், காலை நிறுவை. அடையாளங்கள் புதுப்பிக்கப்பட்டன, ரேம் நிறைந்தது, கர்னல் (லினக்ஸின் மையக்கரு) கிளாம்டியைக் கொன்றது, என் வரி அதை எழுப்பியது, அது மறுபடி ஏறத் தொடங்கியது, மறுபடி செத்தது. இதற்கிடையில் ஸ்வாப், அதாவது ரேம் போதாமல் வெளியே எழுதுவது, முழுக்க எஸ்டி கார்டில். தராசு எண் அனுப்பியது, கேட்க ஆள் இல்லை. கொழுந்துச் சாக்கோடு நாற்பது பேர் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை கொப்பியை எடுத்துக் கையால் எழுதினார். ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) ஆகிவிடும் என்ற பயத்தில் இருப்பவர்களிடம் போய் "மெமரி போதவில்லை" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆகவே மூன்றாவது அளவுகோல்: பெட்டியின் சொந்த வேலை எந்தக் காரணத்தாலும் நிற்கக் கூடாது. பாதுகாப்பு மென்பொருள் விழுந்தால் விழட்டும், தராசு ஓடவேண்டும்.

நான்காவது, லைனும் கரண்டும். முதல் தடவை அடையாளக் கோப்புகளை இறக்க நிறைய டேட்டா போகும். அதற்குப் பிறகு ஃபிரெஷ்கிளாம் என்ற புதுப்பிக்கும் நிரல் வித்தியாசத்தை மட்டும் சின்னத் துண்டுகளாக எடுக்கும். புதிதாக ஏதும் உண்டா என்று பார்க்க ஒரு டிஎன்எஸ் (இணையப் பெயர் தேடும் சேவை) கேள்வி போதும், அதற்கு டேட்டா செலவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் பெட்டி நெடுநாள் அணைந்து கிடந்தால் துண்டுகள் கைகொடுக்காமல் முழுக் கோப்பையே மறுபடி இறக்கத் தொடங்கும். மலைச்சரிவில் ஒரு கோடு சிக்னலில் நிற்கும் டொங்கிளுக்கு அது பாதி நாள் வேலை.

கரண்ட் விஷயம் இன்னும் நுணுக்கமானது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்போது கற்றது: பழைய ராஸ்பெரி பை போன்ற பெட்டிகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்து எழும்பும்போது அதன் நேரம் பின்னால் எங்கேயோ நிற்கும். நேரம் பிழையானால் சேர்வரின் சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று தோன்றும், ஃபிரெஷ்கிளாம் சத்தமில்லாமல் தோற்கும். என்டிபி என்ற இணைய நேரச் சேவை வழியாக நேரம் திருந்திவிட்டால் சரி. திருந்தாவிட்டால், ஆன்டிவைரஸ் இருக்கிறது, அடையாளம் மூன்று மாதம் பழசு. திரையில் எந்தச் சிவப்பு விளக்கும் எரியாது.

ஐந்தாவதை யாரும் எழுதிவைப்பதில்லை. ஆள். பேக்கேஜ் (நிறுவத் தயாரான மென்பொருள் பொதி) பராமரிப்பு என்பது ஒரு மனிதருடைய தொடர்ச்சியான நேரம். நம் பக்கத்தில் இந்த வேலை தெரிந்த பிள்ளைக்குக் கொழும்பில் வேலை கிடைத்தால் அடுத்த மாதம் பஸ் ஏறிவிடும். ஏறட்டும், நல்லதுதான். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை யார் பார்ப்பது?

இந்த ஐந்தையும் வைத்து நான்கு வழிகளைப் பக்கம் பக்கமாகப் போட்டால் இப்படி வருகிறது:

| | நாமே கட்டுவது | ஆயத்த பேக்கேஜ் | பெரிய பெட்டிக்கு அனுப்புவது | ஆன்டிவைரஸ் இல்லாமல் |
|---|---|---|---|---|
| சின்னப் பெட்டியின் ரேம் | 2 ஜிபிக்குக் கீழே கஷ்டம் | அதே | சில எம்பி போதும் | செலவே இல்லை |
| தொடர் வேலை | மிக அதிகம் | ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெரிய மேம்படுத்தல் | ஓர் இடத்தில் மட்டும் | தொடக்கத்தில் அதிகம், பிறகு குறைவு |
| லைன் | ஒவ்வொரு பெட்டியும் தனியாக | அதே | ஒரு தடவை இறக்கினால் எல்லோருக்கும் | அப்டேட் நேரத்தில் மட்டும் |
| கரண்ட் போனால் | பழைய அடையாளம் | அதே | ஸ்கேன் நிற்கும் | ஒன்றும் ஆகாது |
| மறைந்த செலவு | ஆள், உரிமக் கடமை | எழுதக்கூடிய டிஸ்க், எஸ்டி கார்ட் தேய்வு | பாதுகாக்க ஒரு சேர்வர் | கையொப்பச் சாவி |

## வழி ஒன்று: பேக்கேஜை நாமே கட்டிப் பராமரிப்பது

பில்ட்ரூட், யோக்டோ, ஓப்பன்டபிள்யூஆர்டி என்று சின்னப் பெட்டிக்கு லினக்ஸ் கட்டும் கருவிகளில் எதில் கட்டினாலும் தொடக்கம் எளிதாகத்தான் தெரியும். பில்ட்ரூட் பேக்கேஜ் என்றால் மூன்று சின்னக் கோப்பு: எப்படிக் கட்டுவது என்று ஒன்று, மெனுவில் காட்ட ஒன்று, இறக்கிய மூலநிரல் சரிதானா என்று பார்க்கும் ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒன்று. புதிய பதிப்பு வந்தால் எண்ணை மாற்று, ஹாஷை மாற்று, கட்டு. பதினைந்து நிமிட வேலை என்று நானும் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

பிறகு 2021 இல் 0.104 பதிப்பு வந்தது. பழைய கட்டுமான முறையை விட்டு சிமேக் என்ற கருவிக்கு மாறினார்கள். எழுதி வைத்திருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதவேண்டி வந்தது. மூச்சு விடுவதற்குள் 2022 இல் 0.105. அதில் ரஸ்ட் மொழிக் கருவிகள் கட்டாயம். மேசைக் கொம்பியூட்டரில் இது ஒரு வரிக் கட்டளை. வேறு செயலிக்காகக் கட்டும்போது ரஸ்ட், சி, இரண்டுக்குமான கருவிச் சங்கிலிகள் (மூலநிரலை ஓடும் நிரலாக்கும் கருவிகள்) ஒத்துப்போக வேண்டும். ஏஆர்எம் செயலி என்றால் பரவாயில்லை, வழி உண்டு. மலிவான ரவுட்டர்களில் நிறைய எம்ஐபிஎஸ் செயலிகள். 2023 இல் ரஸ்ட் திட்டம் எம்ஐபிஎஸ்ஸை மூன்றாம் நிலை ஆதரவுக்கு இறக்கிவிட்டது. ஆயத்தமாகக் கட்டிய நூலகம் கிடைக்காது, நாமே கட்டிக்கொள்ள வேண்டும். 16 எம்பி ஃபிளாஷ் உள்ள ரவுட்டரில் கிளாம்ஏவி போட முடியுமா என்று இன்னும் கேட்கிறார்கள். அடையாளக் கோப்பு மட்டுமே அதைவிடப் பல மடங்கு பெரிது. அந்தக் கனவை அங்கேயே விட்டுவிடுங்கள்.

சரி, கட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வேலை அப்புறம்தான் தொடங்குகிறது. 2023 பெப்ரவரியில் சிவிஇ-2023-20032 என்ற ஓட்டை வெளியானது. எச்எஃப்எஸ் பிளஸ் வகை டிஸ்க் படிமத்தைப் பிரித்துப் படிக்கும் பகுதியில் பிழை; அதற்கென்றே செய்த ஒரு கோப்பை ஸ்கேன் செய்தால் போதும், அனுப்பியவன் பெட்டிக்குள் தன் நிரலை ஓட்டலாம். தீவிரத்துக்குப் 10 க்கு 9.8 போட்டார்கள். 1.0.1, 0.105.2, 0.103.8 பதிப்புகளில் அடைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், முன்பின் தெரியாத எல்லாக் கோப்பையும் பிரித்துப் பார்க்கும் நிரல் இது. அதைப் பழையதாக விட்டுவிட்டால் காவலுக்கு நிறுத்திய ஆளே கதவைத் திறந்துவிடுவான். ஆகவே "ஒரு தடவை கட்டிப் போட்டுவிட்டேன்" என்பது ஆன்டிவைரஸே இல்லாததைவிட மோசம். பாதுகாப்பு அறிவிப்பு வந்த வாரத்திலேயே கட்டி, உண்மையான பெட்டியில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு தோட்டத்துக்கும் அனுப்ப முடியாதவர் இந்த வழிக்குப் போகவே கூடாது.

உரிமக் கடமை ஒன்றும் இருக்கிறது. ஜிபிஎல் மென்பொருளை உள்ளே வைத்துப் பெட்டியை விற்றால், வாங்கியவர் கேட்கும்போது மூலநிரல் கொடுக்கவேண்டும். நீங்கள் போட்ட திருத்தமும் அதில் சேரும். ரார் கோப்புகளைப் பிரிக்கும் பகுதியின் உரிமம் வேறு மாதிரி. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம் அதைத் தனியே பிரித்து, கட்டற்றவை அல்லாத பகுதியில் வைத்திருப்பது அதனால்தான். கட்டும்போது அதை அணைத்துவிடும் தெரிவு உண்டு, தேவையில்லாவிட்டால் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இந்த வழி யாருக்குச் சரி? ஒரே மாதிரிப் பெட்டியை ஐம்பது, நூறு என்று செய்து விற்பவர், அதில் கோப்புகள் புழங்குகின்றன, ரேம் போதுமான அளவு இருக்கிறது, சம்பளத்துக்கு ஒரு ஆளும் இருக்கிறார் என்றால் சரி. அப்போதும் இரண்டு காரியம் செய்யுங்கள். நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், 1.4 அப்படி 2024 ஆகஸ்டில் வந்தது. சாதாரணப் பதிப்புகள் சீக்கிரம் காலாவதியாகும். காலாவதியானவற்றுக்கு ஒரு கட்டத்தில் அடையாளம் கொடுப்பதையும் நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது, திருத்தத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்காமல் பில்ட்ரூட் திட்டத்துக்கே அனுப்பிவிடுங்கள். அங்கே பேக்கேஜின் பொறுப்பாளராகப் பதிந்துகொண்டால், அவர்களுடைய தானியங்கிக் கட்டுமான இயந்திரங்கள் பலவகைக் கருவிச் சங்கிலியில் கட்டிப் பார்த்து, உடைந்தால் உங்களுக்கு மெயில் போடும். ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு இயந்திரத்துக்கு நாம் எங்கே போவது? உங்கள் ஆள் கொழும்புக்குப் போய்விட்டாலும் அந்த வேலை அநாதையாகாது.

இடைவழி ஒன்றும் உண்டு. அதிகாரபூர்வ அடையாளங்களை விட்டுவிட்டு நமக்குத் தேவையான சில யாரா விதிகளையும் (கோப்பில் எதைத் தேடுவது என்று நாமே எழுதுபவை) ஹாஷ்களையும் மட்டும் ஏற்றினால் ரேம் பெருமளவு இறங்கும். நீங்கள் எழுதியதை மட்டுமே அது பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே ஒரு வகை வைரஸ் திரும்பத் திரும்ப வரும் இடத்துக்குப் போதும்.

## வழி இரண்டு: ஆயத்த பேக்கேஜ்

டெபியனோ, ஆல்பைன் என்ற இன்னொரு விநியோகமோ போட்ட பெட்டி என்றால் ஒரு வரியில் கிளாம்ஏவி வந்துவிடும். கட்டுமானத் தலைவலி எல்லாம் வேறு யாரோ சுமக்கிறார்கள்.

இரண்டுக்கும் இடையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. டெபியனின் நிலையான வெளியீட்டில் பொதுவாகப் பதிப்பு எண் அசையாது. கிளாம்ஏவிக்கு மட்டும் விதிவிலக்காக, இடைக்காலப் புதுப்பித்தல் வரிசையில் புதிய பதிப்பு தருவார்கள். ஆல்பைனில் கிளாம்ஏவி சமூகக் களஞ்சியத்தில் இருக்கிறது. ஆல்பைன் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. முதன்மைக் களஞ்சியத்துக்கு இரண்டு ஆண்டு ஆதரவு, சமூகக் களஞ்சியத்துக்கு அடுத்த வெளியீடு வரும்வரைதான். ஆல்பைன் சின்னது, அழகானது, எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முழுப் பெட்டியையும் மேம்படுத்த மனம் இல்லாதவர் இந்த வேலைக்கு டெபியனையே எடுக்கட்டும்.

மறைந்த செலவு டிஸ்க்கில் இருக்கிறது. பேக்கேஜ்கள் புதுப்பிக்கப்பட வேண்டும் என்றால் மூலப் பகிர்வு (மென்பொருள் இருக்கும் டிஸ்க் பகுதி) எழுதக்கூடியதாக இருக்கவேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்டி கார்ட் கெட்டுப்போகும். சித்திரை மாத இடி மின்னல் காலத்தில் எனக்கு மாதம் இரண்டு கார்ட் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிப் போட்டுவிட்டு இந்த வழிக்கு வாருங்கள்.

1 ஜிபி பெட்டியில் கட்டாயம் போடத்தான் வேண்டும் என்றால் கிளாம்டியை விட்டுவிட்டு, இரவு நிறுவை எல்லாம் முடிந்த பிறகு கிளாம்ஸ்கேன் என்ற தனி நிரலை ஒரு தடவை ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் அடையாளங்களை முதலிலிருந்து ஏற்றும், மெதுவாக இருக்கும், ஸ்வாப்பையும் தொடும், ஆனால் பகலில் ரேமைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. சிஸ்டம்டியில் அதற்கு நினைவக உச்சவரம்பு ஒன்று வையுங்கள். முக்கிய நிரலை "கடைசியில் கொல்" என்று கர்னலுக்குச் சொல்லிவையுங்கள். நான் அன்று செய்யாமல் விட்டவை இவைதான்.

## வழி மூன்று: ஸ்கேன் வேலையைப் பெரிய பெட்டிக்கு அனுப்புவது

எனக்குப் பிடித்த வழி இது. தோட்டத்து ஒபிஸிலோ கடையின் உள்ளறையிலோ 4 ஜிபி ரேம் உள்ள பழைய கொம்பியூட்டர் ஒன்றில் டெபியனும் கிளாம்டியும். சின்னப் பெட்டிகள் கோப்பை அதற்கு அனுப்பி, சுத்தமா இல்லையா என்ற பதிலை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

இதில் அழகு என்னவென்றால் சின்னப் பெட்டியில் கிளாம்ஏவி பேக்கேஜே தேவையில்லை. கிளாம்டியோடு பேசும் முறை அவ்வளவு எளிது. 3310 ஆம் போர்ட்டில் (வலையமைப்புக் கதவு எண்) இணைந்து, ஓடை வருகிறது என்று ஒரு கட்டளை சொல்லி, கோப்பைத் துண்டு துண்டாக அனுப்பவேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் நான்கு பைட்டில். கடைசியில் நீளம் பூச்சியம் என்று அனுப்பினால் முடிந்தது என்று அர்த்தம். பதிலாக ஒரே வரி வரும்: சரி, அல்லது இன்ன வைரஸ் அகப்பட்டது. பைதனில் முப்பது வரி, சி மொழியில் நூறு வரி. எம்ஐபிஎஸ் ரவுட்டரிலும் ஓடும், ரஸ்ட் வேண்டாம், சிமேக் வேண்டாம். பராமரிக்க வேண்டிய பேக்கேஜ் ஒரு நிரல் துண்டாகச் சுருங்கிவிடுகிறது.

அடையாளங்களும் ஓர் இடத்தில்தான் இறங்கும். பல ஆன்டிவைரஸ் பெட்டிகள் உள்ள இடம் என்றால் சிவிடிஅப்டேட் என்ற பைதன் கருவியை வைத்து உள்ளூர்ப் பிரதி ஒன்று அமைத்து, மற்றப் பெட்டிகளின் ஃபிரெஷ்கிளாமை அதை நோக்கித் திருப்பிவிடலாம். ஒரே இணைப்பின் பின்னால் இருந்து எல்லாப் பெட்டியும் தனித்தனியாகப் போய் இறக்கினால் அளவுக்கு மீறுகிறாய் என்று கிளாம்ஏவியின் விநியோக சேர்வர் தடுத்துவிடும். சாதாரண இறக்கும் கருவிகளையும் 2021 முதல் அது திருப்பி அனுப்புகிறது. லைனே இல்லாத மேல் கணக்குக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு), வாரம் ஒரு தடவை லொறியில் போகும் ஒருவரிடம் பென் டிரைவில் அடையாளக் கோப்பைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அந்தக் கோப்புகள் மின் கையொப்பம் இடப்பட்டவை. வழியில் யாராவது மாற்றினால் ஏற்றும்போது தெரிந்துவிடும்.

இனி இதன் குறைகள். கிளாம்டியின் அந்தப் போர்ட்டுக்குக் கடவுச்சொல் கிடையாது, மறைகுறியாக்கமும் கிடையாது. இணையக்கூடிய யாரும் "நிறுத்து" என்று கட்டளை அனுப்பினால் சேவை நின்றுவிடலாம். எனவே உள்ளூர் வலையமைப்பைத் தாண்டி அதை ஒருபோதும் வெளியே விடாதீர்கள், எந்தப் பெட்டி பேசலாம் என்று ஃபயர்வோலில் குறித்துவையுங்கள். இரண்டு இடங்களை இணைக்கவேண்டுமானால் வயர்கார்ட் என்ற மறைகுறியாக்கிய சுரங்கம் போடுங்கள். ஓடையின் உச்ச அளவு ஒன்றும் உண்டு. அதைத் தாண்டிய கோப்பு ஸ்கேன் ஆகாமல் பிழையோடு திரும்பும். உங்கள் நிரல் அந்தப் பிழையைச் "சரி" என்று எடுத்துக்கொண்டால் வந்தது வினை.

பெரிய பெட்டி அணைந்திருந்தால் என்ன செய்வது என்றும் முன்கூட்டியே முடிவெடுத்து எழுதிவையுங்கள். கோப்பை விடுவதா, தடுப்பதா? தலவாக்கலை அக்காவிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். "கரண்ட் இல்லாட்டி பிரிண்டரும் ஓடாதே தம்பி" என்றார். அவருக்குத் தடுப்பதே சரி. ஒபிஸ் கோப்புகள் நிற்காமல் ஓடவேண்டிய இடத்தில் விட்டுவிட்டு, கரண்ட் வந்ததும் திரும்ப ஸ்கேன் செய்யலாம்.

## வழி நான்கு: ஆன்டிவைரஸ் இல்லாமலே

2016 இல் மிராய் என்ற போட்நெட் (கைப்பற்றிய பெட்டிகளின் படை) வந்தது. கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது எப்படி? தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை, டெல்நெட் (தூரத்திலிருந்து உள்நுழையும் பழைய வழி) திறந்து கிடந்தது. அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வைத்துத் தட்டிப் பார்த்தே அத்தனை பெட்டிகளுக்குள் நுழைந்தது. நுழைந்ததும் தன் கோப்பை டிஸ்க்கிலிருந்து அழித்துவிட்டு நினைவகத்தில் மட்டும் ஓடும். கோப்புகளைத் தேடும் ஆன்டிவைரஸ் அங்கே எதைக் கண்டுபிடிக்கும்? பெட்டியை அணைத்துப் போட்டால் போய்விடும், கடவுச்சொல் அதுவேயானால் சில நிமிடத்தில் திரும்பி வரும். 2018 இல் வந்த விபிஎன்ஃபில்டர் அணைத்துப் போட்டாலும் போகாமல் ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் மருந்து ஒரே இடத்தில்: கதவை மூடுவது, பெட்டியின் மென்பொருளை யாரும் மாற்ற முடியாதபடி வைப்பது.

அதாவது மூலப் பகிர்வு படிக்க மட்டும், ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறை போல. முடிந்தால் டிஎம்-வெரிட்டி, அது 2012 முதல் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது, ஒரு பைட் மாறினாலும் படிக்க மறுக்கும். தரவு எழுதும் பகிர்விலிருந்தும் யுஎஸ்பியிலிருந்தும் எந்த நிரலும் ஓடாதபடி மவுண்ட் செய்வது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கடவுச்சொல் அல்லது சாவி. புதுப்பித்தலுக்கு ரோக் அல்லது எஸ்டபிள்யூஅப்டேட் என்ற கருவி: கையொப்பமிட்ட முழுப் படிமத்தை (பெட்டியின் மென்பொருள் முழுவதும் ஒரே கோப்பாக) மாற்றுப் பகிர்வில் எழுதி, அதில் எழும்பிப் பார்த்து, எழும்பாவிட்டால் பழையதற்கே திரும்பும். நடுவில் கரண்ட் போனாலும் ஓடும் பகிர்வுக்கு ஆபத்தில்லை. மலைநாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

செலவு சாவியில் இருக்கிறது. கையொப்பமிடும் சாவி தொலைந்தால், உலகில் யாராலும் அந்தப் பெட்டிகளுக்கு அப்டேட் அனுப்ப முடியாது. மழையில் த்ரீவீலர் பிடித்து ஒவ்வொரு மடுவமாக ஏறி இறங்கிக் கையால் படிமம் ஏற்றவேண்டும். சாவியின் பிரதி இரண்டை இரண்டு இடத்தில், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று நீங்கள் நம்பும் ஒருவரின் வீட்டில், உறையில் போட்டு வையுங்கள். கொழும்புக்குப் போகிற பிள்ளையிடம் முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியதும் அதுதான்.

முதல் படிமத்தைச் செய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதற்குப் பிறகு கர்னலிலோ ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க நூலகத்திலோ முக்கியத் திருத்தம் வந்தால் மட்டும் கட்டி அனுப்புகிறேன்.

## யாருக்கு எது

பென் டிரைவ் வடிகட்டி, பகிர்வு டிஸ்க், மெயில் பெட்டி: மூன்றாம் வழி. கடை ஒன்றே, பெட்டி ஒன்றே, அதில் 4 ஜிபி ரேம் இருக்கிறது என்றால் இரண்டாம் வழியும் தாராளமாகப் போதும்; சின்னதும் பெரியதும் அங்கே ஒன்றுதான். அக்கா கடையின் உள்ளறையில் ஏற்கெனவே பழைய கொம்பியூட்டர் ஒன்று இருந்ததால் மூன்றாம் வழி.

தராசு, வாடல் தட்டின் வெப்பமானி, மழைமானி, ரவுட்டர்: நான்காம் வழி. பாடசாலைக்கு ரவுட்டர் கொடுப்பவரும் இங்கேதான் சேர்கிறார். பாடசாலைக் கொம்பியூட்டர்களின் வைரஸ் அந்தக் கொம்பியூட்டர்களில் பார்க்கவேண்டிய பிரச்சினை.

முதல் வழிக்கு இந்தப் பக்கத்தில் தகுதியானவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவரோ இருவரோதான். அதில் நான் இல்லை.

பண்டாரவளைத் தம்பிக்கு இன்னொன்று. ஃபோர்மில் ஆன்டிவைரஸ் உண்டா என்ற இடத்தில் வெறுமனே "இல்லை" என்று எழுதினால் திரும்பி வரும். "உண்டு" என்று பொய் எழுதவும் வேண்டாம். "பொருந்தாது, இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதி ஒரு பக்கம் சேருங்கள்: பெட்டி வெளிக் கோப்புகளை ஏற்பதில்லை, மென்பொருள் படிக்க மட்டும், அப்டேட் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட பிறகே ஏறும், திறந்திருக்கும் போர்ட்கள் இவை, கடைசியாகப் படிமம் மாற்றிய திகதி இது. எனக்கு அந்த ஒரு பக்கம் போதுமாக இருந்தது. அதை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தயாராக வைத்திருங்கள். ஃபோர்ம் வருவது ஆங்கிலத்தில், ஃபோன் எடுத்து விளக்கம் கேட்பவர் பெரும்பாலும் கேட்பது சிங்களத்தில்.